அது எங்கள் நடுப்பக்கம்

எங்கள் கல்லூரி ஆண்டு மலர் வந்துவிட்டது. கையில் கிடைத்தவர்கள் முதலில் 32, 33ஆம் பக்கங்களைத் திருப்புங்கள். நீளமாக ஒரு மேசை, மேசைமேல் பூங்கொத்துகள், பின்னால் வரிசையாகப் பெரியவர்கள், எல்லார் தோளிலும் சால்வை. இதே பெரியவர்கள் 3ஆம் பக்கத்திலிருந்து 8ஆம் பக்கம் வரை ஆளுக்கொரு பக்கத்தில் வாழ்த்துரை சொல்லி முடித்துவிட்டார்கள். 9இல் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். 14இல் கேடயம் கொடுக்கிறார்கள். அது போதாதென்று நடுப்பக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது 61ஆம் பக்கத்துக்குப் போங்கள். கீழே வலது மூலையில், விளம்பரத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருக்கும். அது கறை இல்லை. அதுதான் எங்கள் குமரி மாவட்டத்து முட்டம் துறைமுகம்.

அதை வரைந்தவள் எங்கள் மேகசின் கிளப்பில் இரண்டாம் ஆண்டுப் பெண். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடக்கும். ஆட்கள் இஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள், பலகைக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்வார்கள். அதைத்தான் வரைந்தாள். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் காலத்தில் துறைமுகத்திலேயே உட்கார்ந்து, தொட்டெழுதும் பேனாவும் கறுப்பு மையும் வைத்து, ஏ3 தாளில். படகின் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடு. வலைக் கண் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டம். வலது ஓரத்தில் வலையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருப்பவர் அவள் அப்பா.

ஏன் ஏ3 தாள்? எங்கள் மலர் ஏ4 அளவு, இரண்டு பக்கம் சேர்ந்தால் ஏ3. நடுப்பக்கத்துக்கு என்றே அளவெடுத்து வரைந்த படம் அது. பத்திரிகை வேலை செய்த எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் முடிவெடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது, அதனால் சொல்கிறேன். நடுவில் பின் அடிக்கிற இதழில் ஒரு தாளை மடித்தால் 4 பக்கம். 64 பக்கத்துக்கு 16 தாள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே தாளில் சேர்ந்து வருவது நடுத்தாளில் மட்டும்தான். வேறு எந்த இடத்தில் வைத்தாலும் இடது பாதி ஒரு தாளிலும் வலது பாதி இன்னொரு தாளிலும் போகும். மடிப்பில் கொஞ்சம் விலகினால் போதும், படகு இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் நீண்டு ஓடும் படத்துக்கு 64 பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு இடம். குரூப் போட்டோவுக்கோ எந்தப் பக்கமும் போதும்.

இனி அன்று சாயங்காலம், பக்கங்களை வடிவமைக்கும் டி.டி.பி. சென்டரில் நடந்ததைக் கேளுங்கள். கடைசி ப்ரூஃப் பார்க்கப் போயிருந்தோம். சிவப்புப் பேனா, ஸ்கேல், திருத்தப் பட்டியல் எல்லாம் கையில். டி.டி.பி. அண்ணன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளிக்கொண்டே வந்தார். 30 சரி. 31 சரி. 32இல் சால்வை. ஏதோ பக்கம் தவறி வந்துவிட்டது என்று நினைத்து, "அண்ணே, படம் எங்க?" என்று கேட்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சாருக்க போன் வந்துச்சு மக்கா. நடுப்பக்கத்துல குரூப் போட்டோ வைக்கணுமாம். நான் என்னத்தச் செய்ய?"

உடனே பொறுப்பாசிரியருக்குப் போன் போட்டோம். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மலர்னா ஒரு மரியாதை வேணும்லா. வந்தவங்க முகம் தெரியாண்டாமா?" என்றார்.

முகம் தெரிவதற்குத்தான் ராப்பர் இருக்கிறதே சார் என்றோம். ராப்பர் என்கிற மேலட்டை வழவழப்பான ஆர்ட் பேப்பர், பல வண்ணம். உள்ளே இருக்கும் பக்கங்கள் பூச்சில்லாத மேப்லித்தோ தாள், ஒற்றைக் கறுப்பு. ராப்பரின் உள்பக்கத்தில் போட்டால் ஒவ்வொரு முகமும் பளிச்சென்று வரும், மேப்லித்தோவில் போட்டால் மை ஊறி எல்லா முகமும் இருண்டுபோகும், அவர்களுக்கே நல்லது சார் என்று கெஞ்சினோம். ராப்பர் உள்பக்கம் விளம்பரத்துக்குப் போயாச்சு என்றார். அப்படியானால் வாழ்த்துரைகளை ஒரு பக்கத்தில் இரண்டாகப் போடுவோம், மூன்று பக்கம் மிச்சமாகும் என்றோம். யாரோடு யாரைச் சேர்ப்பது, யார் மேலே யார் கீழே, பிரச்சினை வரும் என்றார். ஒரு தாள் கூட்டி 68 பக்கமாக்குவோம், குரூப் போட்டோவுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும் என்றோம். செலவு என்றார். கடைசியில், "படத்தை எங்கயாவது வச்சிருங்க, அதுவும் வரட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எங்கயாவது! அளவெடுத்து வரைந்த படத்தை எங்காவது வைப்பது எப்படி? 61ஆம் பக்கத்தில் ஒரு கவிதைக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அதில் திணித்தார்கள். படத்தின் விகிதத்தோடு பார்த்தால் அந்த இடத்துக்கு அகலம் அதிகம், உயரம் குறைவு. அதனால் பக்கவாட்டில் இழுத்து நீட்டினார்கள். படகெல்லாம் நசுங்கிவிட்டது. அதோடும் விடவில்லை. 600 டி.பி.ஐ. தரத்தில் துல்லியமாக ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொடுத்திருந்த கோப்பு பக்கத்தை மாற்றும்போது காணாமல் போயிருக்கிறது. திரும்ப எங்களிடம் கேட்க ஒரு நிமிடம் ஆகுமா? கேட்கவில்லை. குழுவில் நாங்கள் சும்மா பார்வைக்குப் போட்டிருந்த வாட்ஸ்அப் படத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, கோடெல்லாம் மங்கி வரும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது. மங்கிய அந்தப் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குக் குறைத்தால் நெருக்கமான கோடுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து சாம்பலாகத்தானே அச்சாகும்? அப்படித்தான் ஆகியிருக்கிறது. கயிறு இல்லை, வலை இல்லை. அப்பா இருந்த இடத்தில் ஒரு புள்ளி.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. 61ஆம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நாங்கள் சொன்னோம், ஆனால் அச்சில் இப்படி வரும் என்று எங்களுக்கே தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு பிரதி கேட்டு எழுதி வைத்திருந்தாள். மலரைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். இரண்டாவது பிரதியை வாங்கவே இல்லை.

இதைப் போய்ச் சொன்னதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "அதான் போட்டாச்சே, அப்புறம் என்ன?"

அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. போட்டாச்சே! எங்கள் படைப்பை அச்சில் ஏற்றியதே அவர்கள் போட்ட பிச்சை என்ற நினைப்பு அதில் இருக்கிறது. யார் பணத்தில் போட்டீர்கள்? கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள், மலருக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு மாணவரும் கட்டுகிறார். ரப்பர் பால் வெட்டப் போகும் வீட்டிலிருந்தும் அந்தப் பணம் வருகிறது, கடலுக்குப் போகும் வீட்டிலிருந்தும் வருகிறது. படைப்புகளைச் சேகரித்தது நாங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கவிதையைத் தன் பெயரில் கொடுத்தவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பி, அதற்காகத் திட்டு வாங்கியதும் நாங்கள். போனில் யூனிகோடில் தட்டிய கதையெல்லாம் சென்டரின் பழைய எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறுமே, அதை வரி வரியாக உட்கார்ந்து ஒட்டவைத்ததும் நாங்கள்தான். பணமும் எங்களுடையது, உழைப்பும் எங்களுடையது. பக்கம் மட்டும் அவர்களுக்கு.

படம் மட்டும் என்றில்லை. தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ஒருவரை எங்கள் கிளப்பில் இரண்டு பேர் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கூத்தை விடாமல் நடத்திவந்த குடும்பங்களில் பல இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வீட்டுக்குள் மராத்தி பேசுகிறவர்கள், திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தமிழில் இராமாயணம் முழுவதையும் சொல்லுகிறவர்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, துளையிட்டு, சாயம் ஏற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஆள் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் மாற்றிப் பேசுவது. இராமனுக்கு ஒரு குரல், இராவணனுக்கு ஒரு குரல், நகைச்சுவைக்கு உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். தொலைக்காட்சி வந்த பிறகு கூப்பிட ஆள் குறைந்ததை அவர் பேசியிருக்கிறார், பாவைகளை வீட்டில் எப்படிப் பாதுகாக்கிறார் என்பதைச் சொல்லியிருக்கிறார். நான்கு பக்கப் பேட்டி. அச்சில் வந்தது முக்கால் பக்கம். அதிலும் கேள்விகள் முழுதாக இருக்கின்றன, பதில்கள் பாதியில் நிற்கின்றன. யார் வெட்டியது, எந்த அளவுகோலில் வெட்டியது என்று கேட்டால் ஆள் இல்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு பிரதி கொண்டுவந்து தருவதாக இந்தப் பிள்ளைகள் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

ப்ரூஃப் விஷயத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நாங்கள் திருத்திக் கொடுத்த கோப்பு அச்சுக்குப் போகவே இல்லை, அதற்கு முந்தைய கோப்புதான் போயிருக்கிறது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை, மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருக்கிறது. முதல்முறையாகக் கதை எழுதிய ஒரு பையனின் பெயரே தவறாக வந்திருக்கிறது. வாழ்த்துரைகளில் மட்டும் ஒரு பிழை கிடையாது. அவற்றை யார், எத்தனை கவனத்தோடு பார்த்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாதது வெளியீட்டு விழா மேடையில் பேசிய பேச்சு. கவிமணி தேரூரில் பிறந்தார் என்றார்கள். நாங்கள் கைதட்டினோம். மணிகட்டிப்பொட்டலில் பிறந்த பொன்னீலனுக்கு 1994இல் சாகித்திய அகாதெமி விருது, தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் அதே விருது, இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நீங்களும் எழுத வேண்டும் என்றார்கள். அதற்கும் கைதட்டினோம். மீரான் கடற்கரைக் கிராமத்தின் வாழ்க்கையை எழுதியவர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட அதே கையால்தான், கடற்கரையை வரைந்த பெண்ணின் படத்தை 61ஆம் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். 1988இல் சுந்தர ராமசாமி காலச்சுவடு இதழைத் தொடங்கியது இதே நாகர்கோவிலில். ஓர் இதழில் எது எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலைக்கு இந்த ஊரில் ஒரு மரபு இருக்கிறது. அந்த மரபை ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் சொன்னால் போதுமா? எழுதுகிற, வரைகிற பிள்ளைக்கு இரண்டு பக்கம் கொடுக்க வேண்டாமா?

வரையத் தெரிந்தவர்களை இவர்கள் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். விருந்தினர் வந்தால் வாசலில் கோலம். விழா என்றால் மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் எழுத்து வெட்ட. வகுப்பை விட்டுவிட்டு வா என்பார்கள், அதற்கு மட்டும் வருகைப்பதிவு தாராளமாகக் கிடைக்கும். முட்டத்துக்காரியையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், இந்த மலரின் வெளியீட்டு விழாவுக்கே வரவேற்புப் பலகை எழுத. எழுதிக் கொடுத்தாள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மலரில் அந்தப் போட்டோவும் வரும், எந்தப் பக்கத்தில் என்று நான் இப்போதே சொல்லிவிடுவேன்.

அடுத்த ஆண்டுக்கு எங்கள் கோரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டோம். வாழ்த்துரை எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். நடுத்தாள் மாணவருக்கு. அச்சுக்குப் போகும் கடைசி கோப்பில் மாணவ ஆசிரியர் இருவரின் கையெழுத்து. இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. மனு வாங்கப்பட்டிருக்கிறது. பதில் வரவில்லை. வராவிட்டால் அடுத்த மலருக்கு நாங்கள் யாரும் படைப்பு கொடுக்கப் போவதில்லை, வாழ்த்துரையை மட்டும் வைத்து 64 பக்கம் நிரப்பட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதுவும் நெஞ்சில் கிடந்து குடைகிறது. மலர் வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிடும். அந்த நேரத்துக்குக் கல்லூரி நிறுத்தத்தில் பெண் பிள்ளைகள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்பதில்லை. கையைக் காட்டினாலும் நூறடி தள்ளிப் போய் வேகம் குறைத்து, ஓடிவருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று அரசு அறிவித்தது 2021இல். அது எங்களுக்கு உரிய பயணம், ஓட்டுநர் கையிலிருந்து கொடுப்பதல்ல. குலசேகரம் பக்கம் போகிற பிள்ளைக்கு அந்த பஸ்ஸை விட்டால் இருட்டும் வரை நிற்க வேண்டும், மழையில், கையில் ப்ரூஃப் கட்டோடு. நிறுத்தம் என்று பலகை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கே பஸ்ஸை நிறுத்துங்கள்!