ஆறாம் படிவத்தில் படித்த கணக்கை மறுபடியும் ஏன் படிக்க வேண்டும்?

அமெரிக்காவில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடங்களை எடுக்கிறார்கள். தேறிவிட்டால் அந்தக் கிரெடிட் அவர்கள் பேரில் ஏறிவிடும். பிறகு பட்டப்படிப்புக்குப் போகும்போது அந்தப் பாடத்தை இன்னொரு தடவை எடுக்க வேண்டாம், அதற்குக் கட்டணம் கட்டவும் வேண்டாம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.இல் எத்தனை கிரெடிட் என்று கேட்போமே, அது இல்லை. பட்டம் வாங்க இத்தனை கிரெடிட் முடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.) இந்த வசதி நம் மலேசியாவிலும் வர வேண்டும், அதுவும் பணம் கட்டிப் படிக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெற்றோர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் மேத்தமேட்டிக்ஸ் டி பாடத்தில் என்ன இருக்கிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸ், காம்ப்ளெக்ஸ் நம்பர், வெக்டர். இரண்டாவது செமஸ்டரில் லிமிட்டில் தொடங்கி டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், மக்லாரின் தொடர்வரை. மூன்றாவதில் புள்ளியியல். ஒன்றரை வருஷம் இதில் முட்டி மோதித்தான் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். நாட்டிலேயே கடினமான தேர்வுகளில் ஒன்று இது என்று பலரும் சொல்வார்கள்.

அப்படி வெளியே வந்த ஒரு பெண் இப்போது அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் முதலாண்டு. சேர்ந்த புதிதில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கால்குலஸ் வகுப்பின் டுடோரியல் தாள். முதல் கேள்வி இம்ப்ளிசிட் டிஃபரன்ஷியேஷன், இரண்டாவது ஒரு கூம்புத் தொட்டியில் தண்ணீர் ஏறும் வேகம், அப்புறம் மக்லாரின் தொடரில் முதல் நான்கு உறுப்புகள். ‘டீச்சர், எல்லாம் நாம செஞ்சதுதான்! கண்ணை மூடிக்கிட்டு செய்வேன்’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பாடத்துக்கு அவள் வாரம் முழுக்க உட்கார வேண்டும், அதற்கான செலவு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனில்தான் ஏறும். அப்பா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். மகள் ஒரு செமஸ்டர் முன்னால் முடித்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் நாற்பது மணி நேரம் படிப்பில் செலவிட வேண்டும் என்று மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. கணக்கு வைத்திருக்கிறது. விரிவுரை, டுடோரியல், சொந்தமாகப் படிப்பது எல்லாம் அதில் அடக்கம். அப்படியானால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். தெரிந்ததையே திரும்பப் படிக்கும் 120 மணி நேரத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு புதிதாகக் கற்கலாம், யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று ஏ.பி. தேர்வு. காலேஜ் போர்ட் என்ற அமைப்பு 1955இலிருந்து நடத்துகிறது. பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம், மே மாதம் தேர்வு, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். மூன்று எடுத்தாலே பல கல்லூரிகள் கிரெடிட் தரும். சில இடங்களில் நான்கு ஐந்து கேட்பார்கள். இன்னொன்று, பள்ளி மாணவரே நேராகக் கல்லூரிப் பாடத்தில் பதிந்து படிப்பது. மின்னசோட்டா மாநிலம் 1985இல் இதற்குச் சட்டமே போட்டது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரியில் போய் உட்காரலாம், கட்டணத்தையும் புத்தகச் செலவையும் மாநிலம் ஏற்கும். எனக்குப் பிடித்த இடம் அதுதான். பிள்ளையின் கையில் காசு இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இங்கே நிலைமை என்ன? கோலாலம்பூரில் தனியார் கல்லூரியில் பிரிட்டனின் ஏ-லெவல் படித்துவிட்டு அமெரிக்கா போகும் பிள்ளைக்கு, அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் நல்ல கிரேடு வாங்கிய பாடங்களுக்குக் கிரெடிட் கொடுத்துவிடுகின்றன. ஏ-லெவலுக்கு இணையாக எண்ணப்படும் எஸ்.டி.பி.எம். முடித்து நம் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே போகும் பிள்ளை பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செலவழிக்க முடிந்தவருக்குப் பாதை சுருங்குகிறது, முடியாதவருக்கு நீள்கிறது. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் மொழியில் தேவையான அடைவுநிலை எட்டாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவத்துக்கு வருகிறது. எஸ்.பி.எம். எழுதும்போதே அதற்குப் பதினெட்டு வயது. அப்புறம் ஆறாம் படிவம், அப்புறம் பட்டம். கூடப் படித்த நண்பன் சம்பாதிக்க ஆரம்பித்திருப்பான். வீட்டில் தங்கை தம்பி இருப்பார்கள். ‘இன்னும் எத்தன வருஷம்டா?’ என்று அம்மா கேட்கும் கேள்விக்கு அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்?

எஸ்.பி.எம். முடிந்த பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தேர்வு முடிந்து, முடிவு வந்து, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்பம் போட்டு, இடம் கிடைத்து வகுப்பில் உட்காருவதற்குள் அரை வருஷத்துக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் பையன் ஒரு கடையிலோ பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கிடங்கிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பான். 2025லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். கையில் காசு புழங்கி, மோட்டார் சைக்கிளுக்கு மாதத் தவணையும் கட்ட ஆரம்பித்த பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கூட்டி வருவது எவ்வளவு கஷ்டம் என்று எந்த ஆசிரியரையும் கேளுங்கள், சொல்வார்கள். அந்த இடைவெளியில் அவனிடம் ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகப் பாடத்தின் கிரெடிட் இருந்தால், ‘பாதி வழி வந்தாச்சு, விடக்கூடாது’ என்ற எண்ணம் அவனைப் பிடித்து இழுக்கும். படிப்பு தனக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, எட்டியது என்று காட்ட ஒரு அத்தாட்சி போதும்.

‘நம்ம நாட்டுல இதெல்லாம் நடக்குமா டீச்சர்?’ என்று கேட்பவர்களுக்கு: ஒரு வகையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோலேஜ் வொகேஷனல், அதாவது தொழிற்கல்லூரி. 2012இல் பழைய தொழிற்பள்ளிகளை மாற்றியமைக்கத் தொடங்கினார்கள். நான்காம் படிவ வயதில் சேரும் பிள்ளை இரண்டு வருஷத்தில் எஸ்.வி.எம். சான்றிதழ், அதே இடத்தில் இன்னும் இரண்டு வருஷத்தில் டி.வி.எம். டிப்ளோமா. நடுவில் மாதக்கணக்கில் காத்திருப்பது கிடையாது, இருபது வயதில் டிப்ளோமாவோடு வெளியே வரலாம். பினாங்கிலேயே பத்து லாஞ்சாங்கிலும் நிபோங் திபாலிலும் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் இதைப் பற்றி ஒரு தாயிடம் சொன்னபோது, ‘அது படிப்பு வராத பிள்ளைங்க போற இடம்தானே டீச்சர், எங்க வீட்ல சொன்னா சொந்தக்காரங்க சிரிப்பாங்க’ என்றார். அவர் பையனுக்கு வயரிங்கும் மோட்டாரும் என்றால் உயிர். எலெக்ட்ரிக்கல் படித்து டிப்ளோமா வாங்கிப் பட்டத்துக்கும் போயிருக்கலாம். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்பதற்காக ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று வருஷத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா? தயவுசெய்து யோசியுங்கள்.

அதேபோல ஏப்பல் என்ற திட்டம். வேலை பார்த்து அனுபவத்தில் கற்றதைச் சோதித்துப் பார்த்துக் கிரெடிட் தருகிறார்கள். ஜார்ஜ்டவுனில் இருக்கும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். நல்ல திட்டம், முழு மனதாக வரவேற்கிறேன். ஒருவர் பட்டறையில் கற்றது கிரெடிட் பெறத் தகுதியானது என்றால், ஆறாம் படிவ வகுப்பறையில் ஒருத்தி ஒன்றரை வருஷம் கற்று, அரசாங்கத் தேர்வெழுதி ஏ வாங்கியது ஏன் தகுதியாகாது?

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பள்ளிக்காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடத்தில் கோட்டைவிட்டால் அந்தக் கிரேடு கல்லூரிப் பதிவில் நிலைத்துவிடும். ஒரு கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்காமல் போவதும் உண்டு. பிள்ளை உழைத்த உழைப்பு வீணாகிவிடும். எந்தப் பாடத்தை எங்கே எடுத்தால் எங்கே செல்லும் என்று முன்கூட்டியே எழுத்தில் இல்லாவிட்டால், விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பலன்.

நம் சமூகத்தைப் பற்றி எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ‘பதினேழு வயதில் பட்டம்’ என்று செய்தித்தாளில் படம் வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை விரட்ட ஆரம்பித்துவிடுவோமோ என்று. பத்து ஏ, பதினொரு ஏ என்று இப்போதே விரட்டுகிறோம். தூங்காமல் கண் சிவந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நான் கேட்பது அதுவல்ல. ஒரு பாடம், மிஞ்சிப் போனால் இரண்டு. பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த, கைவந்த பாடம். தவறினால் பதிவில் தழும்பு விழாத ஏற்பாட்டோடு.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் தமிழில் தொடங்கலாம் என்பேன். எஸ்.பி.எம்.இல் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எழுதும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். எஸ்.டி.பி.எம்.இலும் தமிழ் ஒரு பாடம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர்களைப் பட்டதாரிகளாக உருவாக்குகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் நம்மவர்கள், படிப்பவர்களும் நம் பிள்ளைகள். முதலாண்டு இலக்கணப் பாடம் ஒன்றை ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இணையவழி திறந்துவிட்டு, தேறியவருக்கு மூன்று கிரெடிட் என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? விருப்பத்தோடு எடுத்த தமிழ் தன் பட்டத்தின் கணக்கிலும் சேர்கிறது என்று தெரிந்தால், ‘தமிழ் எடுத்து என்ன பண்ணப்போற?’ என்று கேட்கிறவர்கள் முன்னால் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும்.

இந்தப் பதிவைப் படிக்கும் விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகங்களுக்கிடையே கிரெடிட் மாற்ற, இரண்டு பாடங்களின் உள்ளடக்கம் எண்பது விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், குறைந்தது சி கிரேடு இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. உங்கள் முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் எஸ்.டி.பி.எம். பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். கணக்கில் நானே உட்கார்ந்து ஒப்பிட்டுத் தரத் தயார். வேதியியல், பௌதிகம், தமிழ் எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது கைகொடுத்தால் கமெண்டில் சொல்லுங்கள்; எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனுவாக எம்.கியூ.ஏ.வுக்கும் உயர்கல்வி அமைச்சுக்கும் அனுப்பலாம்.