லீவுதான்னு தெரியும், ஆனா...

"லீவுல இருக்கீங்கன்னு தெரியும், ஒரே ஒரு சின்ன டவுட்." பண்டிகை அன்று காலையில் இந்த மெசேஜ் வராமல் இருந்தால் நீங்கள் புண்ணியம் பண்ணினவர்.

தெரியுதுல்ல? அப்புறம் என்ன?

பதில் போடாமல்தான் இருந்தேன். ஆனால் நீல டிக் விழுந்துவிட்டதே! உடனே 'டைப்பிங்' என்று ஓடுகிறது. நிற்கிறது. மறுபடி ஓடுகிறது. என்ன காவியம் படைக்கிறார் மேனேஜர் என்று பார்த்தால், கடைசியில் வந்தது ஒரு கேள்விக்குறி. வெறும் கேள்விக்குறி. அடுத்த நிமிஷம் போன். எடுத்தால், "தொந்தரவு பண்றேனா?" ஐயோ, இல்லவே இல்லை சார், உங்கள் குரலைக் கேட்கத்தானே லீவு போட்டேன்.

மாமா அப்போதுதான் பழைய கதை ஒன்றை எடுத்து, எல்லோரும் வெடித்துச் சிரிக்கப்போகிற இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். அங்கே தங்கச்சி வீட்டுக்காரர் ஏற்கெனவே ஹெட்செட் மாட்டிக்கொண்டு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார். பாவம், ஒரு படி கீழே இறங்கி எனக்கு இடம் விட்டார். ஸ்க்ரீனைக் காட்டு, அந்த ஃபைலைத் திற, இது இல்லை, இதற்கு முந்தினது, கொஞ்சம் கீழே போ. கடைசியில் பார்த்தால், மேனேஜர் தேடுவது லீவுக்கு முன்னாலேயே நான் மெயிலில் அனுப்பினது. அவருக்கு. அவருக்கேதான்! "ஓ, இதுவா? இதை ஓப்பன் பண்ணல. சரி சரி, என்ஜாய் பண்ணுங்க."

என்னத்தை என்ஜாய் பண்ண? திரும்பி வந்தால் கதை முடிந்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இன்னொரு தடவை சொல்லுங்க மாமா என்றால், "போடா, அது அப்பவே கேட்டிருக்கணும்."

ஓய்வும் சம்பளத்தோடு விடுமுறையும் மனித உரிமை என்று 1948லேயே ஐ.நா. பிரகடனத்தின் 24ஆம் பிரிவில் எழுதிவைத்தாயிற்று. வேலை நேரம் முடிந்தால் போன், மெயில் பக்கம் போகாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017இல் நடைமுறைக்கு வந்தது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில். அதிலும், பதில் சொல்ல மறுப்பது நியாயமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு கொக்கி உண்டு. எங்கள் மேனேஜருக்கு அந்தக் கொக்கி ஒன்று போதும், ஆயுளுக்கும் தொங்குவார்.

இதற்கு நடுவில் பெரியவர்கள் புலம்பல் வேறு. "முன்ன மாதிரி யாரும் சேர்றதே இல்ல." எப்படிச் சேர? ஒருத்திக்கு நைட் ஷிஃப்ட். ஒருத்தனுக்கு லீவே கொடுக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவளுக்கு அப்போது நடு ராத்திரி, வீடியோ காலில் கொட்டாவியோடு வாழ்த்து சொல்கிறாள். ஊரே லீவில் இருந்தால் டெலிவரிக்காரருக்கு அன்றைக்குத்தான் இரட்டை வேலை. அதுசரி, அந்த 'முன்ன' காலத்து ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் இருப்பார்கள், அம்மா மட்டும் இருக்க மாட்டாள். ஏன், போட்டோ பிடித்தது அம்மாவா? அடுப்படியில் நின்றாள். அவளுக்கு லீவு எழுதிக் கொடுக்க எந்த மேனேஜரும் இல்லை.

அதெல்லாம் கிடக்கட்டும். இந்தக் களேபரத்தில் என் லேப்டாப் சார்ஜரைச் சுட்டது யாரய்யா? குடும்ப குரூப்பில் கேட்டால் ஆளாளுக்குத் தம்ஸ் அப் போடுகிறீர்கள். எதற்கு?