பெயரில்லாத அந்த வெள்ளை டப்பா

அக்காள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரமே, எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் உறவுக்காரர் ஒருவர், இரவில் பூசும் ஒரு கிரீமின் படத்தைப் போட்டார். “இரண்டே வாரத்தில் நிறம் கூடிவிடும், பெண்ணுக்கு வாங்கிக் கொடுங்கள்.” சின்ன வெள்ளை டப்பா, 45 வெள்ளி (ரிங்கிட்). மூடியில் ஒரு பூப்படம். செய்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்துகூடக் கிடையாது.

சொன்னபடியே இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. பருக்கள் அடங்கின. பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கல்யாணக் களை என்றார்கள். நானும் சொன்னேன், அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மூன்றாம் மாதம் அவள் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. பயந்துபோய் நிறுத்தினாள். நான்கு நாளில் முகம் வீங்கி, எரிந்து, கொப்புளமாகக் கிளம்பியது. மறுபடி தடவினால் அடங்கியது!

தோல் மருத்துவர் டப்பாவைப் பார்த்ததும் ஸ்டீராய்டாக இருக்கும் என்றார். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால் தோல் முதலில் தெளிந்து வெளுக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். நிறுத்தினால் அடங்கியிருந்தது எல்லாம் பொங்கி வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பெண்கள் அடுத்த டப்பாவை வாங்குகிறார்கள். மருத்துவர் அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பூப்படம் ஒட்டி விற்பவரை நான் வியாபாரி என்று சொல்ல மாட்டேன்.

இதைவிடக் கொடியது பாதரசம். நம் நிறத்துக்குக் காரணமான மெலனின் உருவாவதைத் தடுப்பதால்தான் அதைச் சேர்க்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். தடவியவரோடு நிற்காமல் தலையணையிலும் துண்டிலும் ஒட்டி, அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தைக்கும் போகும். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால், அதில் பாதரசம் இருக்கலாம். நகைக்கு ஆகாததை முகத்துக்குப் பூசுவதா? 2020க்குப் பிறகு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள் கூடாது என்றது, பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாத்தா ஒப்பந்தம். அந்த அளவும் 2025க்குப் பிறகு கூடாது என்று 2023இல் முடிவானது.

நம் மலேசியாவிலும் சட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பாதரசம், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே போட வேண்டிய ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவை கலந்த பொருள்களின் பெயர்களை வெளியிட்டு, அவற்றின் அனுமதியை ரத்து செய்கிறது. என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த எண் இருந்தாலே சோதித்துப் பார்த்த பொருள் என்று அர்த்தமில்லை. நிறுவனம் தானே அறிவித்துப் பெறும் எண் அது. சோதனை பெரும்பாலும் கடைக்கு வந்த பிறகுதான்.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் இந்த டப்பாவைக் கொண்டுவந்தது சட்டத்தின் ஓட்டை அல்ல. ‘பெண் கொஞ்சம் மாநிறம்தான்’ என்று தரகரிடம் தாழ்ந்த குரலில் சொன்னோமே, அந்தக் குரல்தான். பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணிக்கும் பாட்டிகளிடமிருந்து தொடங்கும் குரல் அது. அவள் கறுப்பு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள். கிரீம் விற்றவர் அதைக் காசாக்கினார்.

இப்போது இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: பயத்தில் நீங்களாகவே நிறுத்தி, எரிச்சல் தாங்காமல் திரும்பவும் தொடங்காதீர்கள். டப்பாவை வீசியும் விடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அக்காள் மகள் முதல் முறை போனபோது வெட்கப்பட்டு மறைத்தாள். அதனால் ஆறு வாரம் வீணானது.