எட்டு போடச் சொல்றீங்களா, வர்றேன்

ஒரு வயசான சார் ஓட்டிட்டு வந்த கார் ஜூஸ் கடைப் படியில ஏறின அந்த வீடியோவை இனிமே எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. குடும்ப குரூப், அபார்ட்மெண்ட் குரூப், ரிட்டயர்டு ஸ்டாஃப் குரூப்னு எல்லாத்துலயும் வந்தாச்சு. கார் படியேறினதைவிட, அதுக்குக் கீழே வந்த கமெண்ட்டுகள்தான் தூக்கத்தைக் கெடுக்குது. "பெருசு, வீட்ல உட்கார்ந்து ராமாயணம் படிக்க வேண்டியதுதானே." "அறுபது தாண்டினா லைசென்ஸைப் பிடுங்குங்கப்பா." இதுக்கெல்லாம் சிரிப்பு பொம்மை போட்டவங்கள்ல என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கிறவங்களும் உண்டு. பேர் சொல்லல. பார்த்து வெச்சிருக்கேன்.

அந்த சார் பண்ணது சரின்னு நான் சொல்ல வரல. பெஞ்சுல உட்கார்ந்திருந்த பையனுக்குக் கை முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரி செலவு அவரோடதுதான், அவரும் ஏத்துக்கிட்டார்னு கேள்வி. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்கார். காலமெல்லாம் கிளட்ச் மிதிச்சுப் பழகின மனுஷனுக்குப் பிள்ளை ஒரு ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கி வாசல்ல நிறுத்திட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காம ஊருக்குக் கிளம்பிட்டான். அதைப் பத்தி ஒரு கமெண்ட் உண்டா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். வயசானவங்களுக்கு மறுபடியும் டிரைவிங் டெஸ்ட் வைக்கணுமாம். வைங்க. எனக்கு 66 வயசு. நாளைக்கே வர்றேன், எட்டு போடறேன், கால் ஊணாம. 1991-ல கைனடிக் ஹோண்டாவுல எட்டு போட்டப்போ, "பொம்பளப் புள்ள"ன்னு எனக்கு மட்டும் பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னொரு ரவுண்டு போடச் சொன்னார். அதையும் போட்டுக் காட்டினேன். ஆனா எனக்கு வைக்கிற டெஸ்ட்டை எல்லாருக்கும் வைங்க. நான் கேட்கிறது அவ்வளவுதான்.

சட்டம் தெரியாமலே நிறைய பேர் பேசறீங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம், 18 வயசுல லைசென்ஸ் எடுக்கிற பையனுக்கு 40 வயசு வரைக்கும் அது செல்லும். 22 வருஷம்! அதுக்குள்ள அவன் கண்ணாடி பவர் ஏறலாம், சர்க்கரை வரலாம். ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. 55 தாண்டின எனக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல், கூடவே டாக்டர் கையெழுத்தோட ஃபார்ம் 1ஏ. அதுல கேட்டிருக்கிறதெல்லாம் நல்ல கேள்விகள்தான். பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தூரத்துல இருக்கிற நம்பர் பிளேட் தெரியுதா, ஹார்ன் சத்தம் கேட்குதா, வலிப்பு, தலைசுத்தல் உண்டா, எல்லாம் இருக்கு.

போன தடவை அந்த ஃபார்மை நிரப்பின டாக்டர் என் கண்ணைப் பார்க்கல, முகத்தையே பார்க்கல. போன்ல யார்கிட்டயோ கல்யாண மண்டபம் அட்வான்ஸ் பத்திப் பேசிக்கிட்டே சீல் குத்தினார். ஃபீஸை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கினார். ஆக, டெஸ்ட் இல்லைங்கிறது பிரச்சினையே இல்ல. இருக்கிறதை எவனும் பண்றதில்ல. இதைச் சொன்னா ஏன் யாருக்கும் உறைக்க மாட்டேங்குது?

"அம்மா, வயசானா ரியாக்‌ஷன் ஸ்லோ ஆயிடும்ல"ன்னு ஒரு தம்பி மரியாதையாத்தான் கேட்டிருந்தார். ஆகும் தம்பி. அதனாலதான் நான் 30-ஐத் தாண்டறதில்ல. எதிர்ல வர்றவன் ஹைபீம் போட்டா கண்ணு கூசுதுன்னு, இருட்டினப்புறம் வண்டி எடுக்கிறதை நானாவே விட்டேன். யாரும் சட்டம் போட்டு நிறுத்தல. சரி, உங்க ரியாக்‌ஷன் எப்படி இருக்கு? போன வாரம் மாம்பழச்சாலையில ஒரு பையன், ஹெல்மெட் இல்ல, தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு, கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சபடி ராங் சைடுல வர்றான். நான் பிரேக் போட்டு நின்னேன். நின்னது நான். அவன் திரும்பிப் பார்த்து, "ஏய் பாட்டி, வீட்ல கிடக்க மாட்டியா"ன்னுட்டுப் போறான். அவனுக்கும் 22 வருஷ லைசென்ஸ் இருக்கும், எடுத்திருந்தா.

இன்னொருத்தர் ஜப்பானைக் கூட்டிட்டு வந்துட்டார். அங்க 75 வயசானா டெஸ்ட்டாம். ஆமா, 75-க்கு மேல ரினியூ பண்ணணும்னா ஞாபகசக்தி, யோசிக்கிற சக்தியைச் சோதிக்கிறாங்க. ஆனா 2022-ல கொண்டு வந்த ஓட்டுநர் தேர்வு அந்த வயசுக்காரங்க எல்லாருக்கும் இல்ல, குறிப்பிட்ட விதிமீறல்கள் பண்ணவங்களுக்குத்தான். லைசென்ஸைத் தானா திருப்பிக் கொடுத்தா பல ஊர்கள்ல பஸ், டாக்சிக்குச் சலுகை வேற. நீங்க என்ன தரப் போறீங்க? சிரிப்பு பொம்மையா?

2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 70 சதவீதத்துக்கு மேல அதிவேகத்தாலன்னு மத்திய அரசோட அறிக்கையே சொல்லுது. ஸ்கூட்டியில கறிவேப்பிலை வாங்கப் போற நானா அந்த அதிவேகம்? 2024 மே மாசம் புனேல 17 வயசுப் பையன் போர்ஷே காரை விட்டு ரெண்டு பேரைக் கொன்னப்போ, முதல்ல ஜாமீன் கொடுத்தவங்க 300 வார்த்தையில கட்டுரை எழுதச் சொன்னாங்க. கட்டுரை! அந்த ஒரு பையனை வெச்சு சின்னப் பசங்க எல்லாரையும் யாராவது நிறுத்தினீங்களா? ஒரு கிழவர் தப்பு பண்ணா மட்டும் ஊர்ல இருக்கிற கிழங்க எல்லாம் குற்றவாளியா?

பஸ்தான் ஃப்ரீயாச்சேன்னு சொல்வீங்க, தெரியும். திருச்சியில பாதி ஓடறது தனியார் பஸ், அதுல ஏது ஃப்ரீ? சரி, அரசு பஸ்ஸே வரட்டும். முதல் படி என் முழங்காலுக்கு மேல இருக்கு. ஒரு கை கம்பியில, ஒரு கையில பை, ரெண்டாவது காலைத் தூக்கறதுக்குள்ள விசில் அடிச்சிடறாங்க. நடந்து போலாம்னா பிளாட்பாரத்துல வண்டி நிறுத்தி வெச்சிருக்கீங்க. நீங்கதான், நான் இல்ல.

என் பொண்ணுகிட்டயும் அந்த வீடியோ போயிருக்கு. ராத்திரி பெங்களூர்ல இருந்து போன். "எதிர்வீட்டு அங்கிள்கிட்ட சாவியைக் கொடுத்துடும்மா. எங்க போகணும்னு சொல்லு, நான் இங்கிருந்தே புக் பண்றேன்." நல்ல மனசுலதான் சொல்றா. ஆனா இவளை டியூஷனுக்கும் பாட்டு கிளாஸுக்கும் பின்சீட்டுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போன அம்மா, இனிமே கோயிலுக்குப் போகணும்னாகூட பெங்களூருக்கு போன் போட்டுச் சொல்லணுமாம். டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு விடியக்காலையில தனியா வண்டி ஓட்டிட்டு வந்தவ நான். அவர் போனப்புறம் இந்த வீட்ல எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்தச் சாவிதான். டெஸ்ட் வைங்க, ஃபெயில் ஆனா நானே கொண்டு வந்து கொடுக்கறேன். வீடியோவைப் பார்த்துட்டு கொடுக்க மாட்டேன்.

அப்புறம், "ஆட்டோல போங்க மேடம்"னு கமெண்ட் போட வர்றவங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கிட்ட நின்னு தில்லைநகருக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்து போடுங்க.