செவ்வாயில் எவ்வளவு தண்ணி?

மழை பெய்தால் ஊருக்குப் போன் போடுவேன். மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமம். "கண்மாய்க்குத் தண்ணி வந்திருச்சாப்பா?" என்று கேட்டால், அப்பா ஒருநாளும் 'வந்திருச்சு' என்பதோடு நிறுத்தியதில்லை. "வரத்துக்கால்ல ஓடுது. உள்ள முழங்காலளவு கெடக்கு. மடைக்கு இன்னும் ஏறல" என்பார். நிறைந்து, உபரித் தண்ணி வெளியேறும் கலுங்கில் வழிந்துவிட்டால் இரண்டே வார்த்தை: "மறுகால் பாயுது." அந்த வருசம் நெல்லுக்குக் கவலை இல்லை.

செவ்வாய் கிரகச் செய்திகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். 'செவ்வாயில் தண்ணீர் கண்டுபிடிப்பு' என்று அடிக்கடி தலைப்பு வருகிறது. ஓடுகிற தண்ணியா, உறைந்து கிடப்பதா, எப்போதோ ஓடிய தடமா, உப்பில் ஒட்டியிருக்கும் ஈரமா, ஒன்றும் சொல்வதில்லை. "அதான் போன தடவையே கண்டுபிடிச்சாச்சே" என்று பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு அருமையான கதை இப்படி வீணாகப் போகிறது!

1965இல் நாசாவின் மரைனர் 4 விண்கலம் செவ்வாயிலிருந்து அனுப்பியது 22 படங்கள். தெரிந்ததெல்லாம் நிலாவில் இருப்பது போன்ற குழிகள். செத்த கிரகம் என்று பலரும் நினைத்துவிட்டார்கள். 1971இல் மரைனர் 9 போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல். புழுதி அடங்கிய பிறகு எடுத்த படங்களில் கிளை கிளையாக வறண்ட ஆற்றுத் தடங்கள்! 2008இல் ஃபீனிக்ஸ் என்ற கலம் வட துருவத்துப் பக்கம் இறங்கி மண்ணைத் தோண்டியது. பள்ளத்தில் வெள்ளையாகச் சில துண்டுகள். நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பு என்றால் அங்கேயே கிடந்திருக்கும். பனிக்கட்டி என்பதால் உருகாமலே ஆவியாகிப் போயிருந்தது. அங்கே காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது.

படம் ஏமாற்றவும் செய்யும். சரிவுகளில் வெயில் காலத்தில் கறுப்புக் கோடுகள் இறங்குவதை 2011இல் சொன்னார்கள். 2015இல் உப்புத் தண்ணீர் கசிவதாகப் பெரிய செய்தி. 2017இல் அந்தச் சரிவுகளின் சாய்வை அளந்து பார்த்தால், காய்ந்த மணல் சரியும் சாய்வோடு ஒத்துப்போனது. கறுத்துத் தெரிவதெல்லாம் ஈரமில்லை. தாங்கள் சொன்னதையே திரும்பப் போய்ச் சோதிக்கும் விஞ்ஞானிகளின் இந்தக் குணத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிள்ளைகளுக்கு 2015ஐச் சொன்னால் 2017ஐயும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேல் என்ற பெரும்பள்ளத்தில் 2012இல் கியூரியாசிட்டி ஊர்தி கூழாங்கற்களைக் கண்டது. காற்று உருட்ட முடியாத அளவுக் கற்கள், முனை மழுங்கி உருண்டிருந்தன. அதை வைத்து, அங்கே ஓடிய தண்ணீரின் ஆழம் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை இருக்கும் என்றார்கள் விஞ்ஞானிகள். படித்ததும் சிலிர்த்துவிட்டது. எங்கள் அப்பா பேசுகிற அதே கணக்கு!

அப்புறம் 2023இல் வந்த ஆய்வு. அதே பள்ளத்தில் அறுகோணம் அறுகோணமாக வெடித்துக் காய்ந்த பழைய சேற்றுத்தரை. சேறு முதல் தடவை காயும்போது ஒரு வெடிப்பு இன்னொன்றில் செங்குத்தாகப் போய் முட்டி நிற்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்தால், மூன்று வெடிப்புகள் சரிசமமாகக் கூடி, தேன்கூடு மாதிரி ஆகிவிடும். அப்படியென்றால் அங்கே தண்ணீர் ஒரு தடவை வந்து போனதல்ல, திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

கோடை விடுமுறையில் அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அண்ணன் மகளோடு கண்மாய்க்குள் இறங்கினேன். மேல்மண் அப்பளம் மாதிரி சுருண்டு, காலுக்கடியில் நொறுங்கியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெடிப்புகளில் விரலை ஓட்டிப் பார்த்தவள், "சித்தப்பா, இங்க முட்டி நிக்குது. அங்க மூணும் ஒண்ணா சேருது" என்றாள். நான் இன்னும் எதையும் விளக்கியிருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பக்கத்து அறிவியல் ஆசிரியர்கள் மே மாதம் பிள்ளைகளைக் கண்மாய்க்குள் கூட்டிப் போக வேண்டும். ஊர்திகள் அனுப்பும் படங்களை நாசா இணையத்தில் இலவசமாகவே போடுகிறது. கண்மாய்க்காரப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கிற கண் ஏற்கெனவே இருக்கிறது.

சாயங்காலம் அப்பாவிடம் ஜெஸிரோ படத்தைக் காட்டினேன். செவ்வாயில் 2021இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய இடம், சுமார் 45 கிலோமீட்டர் அகலப் பள்ளம். மேற்கே ஆறு வந்து விழுந்த வாயில் விசிறி மாதிரி வண்டல். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நெறஞ்சு மறுகால் போச்சாமா?"

"போயிருக்குப்பா. கெழக்க கரைய ஒடச்சுக்கிட்டுப் போயிருக்கு. இந்தா, தடம்."

"கலுங்கு இல்லையில்லப்பா. கரையத்தான் ஒடைக்கும்."