பனியில் துள்ளிய முதியவர்கள்

டென்மார்க் எழுத்தாளர் காரென் பிளிக்ஸன் ஆங்கிலத்தில் எழுத வந்தபோது சூட்டிக்கொண்ட புனைபெயர் ஐசக் டினேசன். தமிழ் விவிலியத்தில் ஈசாக்கு என்று வரும் அந்த எபிரேயப் பெயருக்குச் 'சிரிப்பவன்' என்று பொருள். 1934இல் அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய முதல் கதைத்தொகுப்பு மறு ஆண்டு டேனிஷ் மொழிக்கு வந்தபோது, சமூக வாழ்வை உள்ளபடி எழுதும் சமூக யதார்த்தவாதம் ஓங்கியிருந்த டென்மார்க்கில் சிலர் அதை வாழ்க்கையோடு ஒட்டாத எழுத்து என்று குறைகூறினார்கள். கற்பனை விளையாட்டு இருக்கும் இடத்தில் ஆழம் இருக்காது என்ற அந்த எண்ணம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய 'பாபெத்தின் விருந்து' என்ற ஒரு கதையே அதை மறுக்கப் போதும்.

1871இல் பாரிஸில் மூண்டு ஒடுக்கப்பட்ட மக்கள் எழுச்சியான பாரிஸ் கம்யூனில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெத், நார்வேயின் வடகோடியில் உள்ள பெர்லேவோக்கில், பக்தியே வாழ்வான இரு சகோதரிகளிடம் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். பல ஆண்டுகள் உலர்ந்த மீனையும் ரொட்டிக் கஞ்சியையும் சமைத்தவளுக்கு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. சகோதரிகளின் தந்தையான மறைந்த போதகரின் நூறாவது பிறந்தநாளில் அவள் 12 பேருக்கு விருந்து வைக்கிறாள். உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முன்கூட்டியே உறுதி செய்துகொண்டுதான் ஊரார் வந்து உட்காருகிறார்கள். ஆமை சூப்பும் காடையும் வர வர, அவற்றின் அருமை தெரிந்த தளபதி ஒருவர் மட்டும் வியந்து பேச, மற்றவர்கள் போதகரின் பெருமைகளையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விருந்து முடிந்து வெளியே வரும்போது அவர்களுக்குள் இருந்த பழைய பகைகள் கரைந்துபோயிருக்கின்றன. கால் தடுமாறிப் பனியில் விழுந்து எழுந்து, அந்த முதியவர்கள் ஆட்டுக்குட்டிகளைப் போலத் துள்ளுகிறார்கள். எதைச் சாப்பிட்டோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. கலை மனிதருக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு காட்சியை நான் படித்ததில்லை.

அப்போது சமையலறையில், கரிபிடித்த பாத்திரங்களுக்கு நடுவே, பாபெத் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். பணம் முழுவதும் அந்த ஒரே விருந்தில் செலவாகிவிட்டது. தன் குடும்பத்தை அழித்த தரப்பைச் சேர்ந்த பிரபுக்களே பாரிஸில் தன் சமையற்கலையை அறிந்து சுவைத்தவர்கள் என்றும், அவர்கள் இல்லாமல் போனது தனக்கு இழப்புதான் என்றும் அவள் சொல்கிறாள். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தைச் சற்று நேரம் மூடிவைத்துவிடுகிறேன். இத்தனை கனத்தையும் தாங்கிக்கொண்டுதான் அந்தக் கதை விளையாடுகிறது.

ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய பின்லாந்துக்காரரான தூவே யான்சனின் 1978ஆம் ஆண்டுத் தொகுப்பில் இதற்கு நெருக்கமான ஒரு சிறுகதை உண்டு. கோடைக்காலத் திறந்தவெளிக் கண்காட்சியில் படம் ஒன்றை வாங்கிய தம்பதி, அது எதைக் காட்டுகிறது என்று சண்டையிட்டுக்கொள்கிறார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே சுவரில் மாட்டிவிடுங்கள் என்கிறார் கண்காட்சியின் காவலர். நவீன ஓவியத்தின் மீதான கேலியாக இதைப் படிப்பவர்கள் இருக்கலாம். காவலர் மனதாரச் சொல்கிறார் என்றே நான் படிக்கிறேன். அந்தக் காகிதத்துக்குள் அவரவர் படத்தைப் பார்த்தபடி இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்துவிடலாம்.