லைவ் ரொக்கைக் கழுவிப் போட்டால் போதுமா?

லைவ் ரொக் என்பது கடல்மீன் தொட்டியில் வைக்கும், பக்டீரியா, ஸ்பொஞ்சு போன்ற உயிர்கள் குடியிருக்கும் பாறை. "லைவ் ரொக்கை பைப் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே மீனோடு தொட்டியில் போடலாம்" என்று கொழும்பில் மீன் வளர்ப்போரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பயணத்திலேயே பாறையிலுள்ள ஸ்பொஞ்சு, புழுக்கள் பல செத்திருக்கும். நன்னீர் பட்டால் மிச்சமும் சாகும்; பைப் தண்ணீரிலுள்ள குளோரின் நல்ல பக்டீரியாவையும் கொல்லும். செத்தவை அழுகும்போது வரும் அமோனியா மீனின் செவுளை எரித்துவிடும். புதுத் தொட்டியில் அதை உடைக்கப் போதிய பக்டீரியாவும் இருக்காது.

சரி, என்ன செய்வது? தனித் தொட்டியில் ஹைட்ரோமீட்டர் (நீரின் உப்பளவை அறியும் கருவி) 1.025 காட்டும் உப்புநீர், ஓடும் பம்ப். வெளிச்சம் வேண்டாம். செத்ததை பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, உப்புநீரை அடிக்கடி மாற்றுங்கள். அமோனியாவும், அதை பக்டீரியா உடைக்கும்போது வரும் நைத்திரைற்றும் பூச்சியமாகி, அழுகல் நாற்றம் முழுதாகப் போகும்வரை பொறுங்கள். சிலவேளை ஆறு கிழமையும் எடுக்கும்.